பன்றிக்கு நோட்டீஸ் கொடுத்த அக்கா

பக்கத்து வீட்டு அக்காவோடு எந்த ஊருக்குப் புறப்பட்டாலும் முதலில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டுத்தான் போக வேண்டும். பந்திங்கில் கல்யாணம் என்றாலும் சரி, கிள்ளானில் கோயில் திருவிழா என்றாலும் சரி, இரவு தங்கி வருகிற பயணமானால் காப்பார் ஸ்டேஷன் வாசலை மிதிக்காமல் பஸ் ஏற முடியாது. நான் பட்டுச்சேலையும் பழத்தட்டுமாகப் பின்னால் நிற்பேன். அக்காவின் தோளில் பழைய வேட்டியில் சுற்றிய துப்பாக்கி இருக்கும்.

ஸ்டேஷனில் ஒரு வங்காளி சார்ஜன் இருந்தார். தலைப்பாகை கட்டிய பஞ்சாபிக்காரர்களை அந்தக் காலத்தில் நாங்கள் அப்படித்தான் சொல்வோம். எங்களைக் கண்டதும் தாடியைத் தடவிக்கொண்டு, "இன்னைக்கு எந்த ஊர் கல்யாணம்?" என்று மலாயில் கேட்பார். துப்பாக்கியை வாங்கி இரும்பு அலமாரியில் வைத்து ரசீது தருவார். ரசீது கைக்கு வந்தாலும் அக்கா நகர மாட்டார். அலமாரி பூட்டுகிற சத்தம் கேட்க வேண்டும். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்ட தாய், அது உள்ளே போய் உட்கார்ந்ததா என்று எட்டிப் பார்ப்பாளே, அப்படி ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் திரும்புவார். அக்காவுக்குப் பிள்ளை இல்லை.

பஸ்ஸில் இருக்கிறவர்கள் விடுவார்களா?

"என்னம்மா, புள்ளைய விட்டுட்டு வந்தாச்சா?"

"விட்டாச்சு அண்ணே. ஒங்க வூட்ல விட்டா நீங்க பாலா குடுக்கப் போறீங்க?"

பஸ் முழுக்கச் சிரிக்கும். நான் முந்தானையால் வாயை மூடிக்கொள்வேன். எனக்குப் பொது இடத்தில் சிரிக்கக்கூட வெட்கம்.

ஒருநாள் பஸ்ஸில் அக்காவின் காதருகே கேட்டேன். "ஏன்க்கா இவ்வளவு பாடு? பெட்டியில பூட்டி வெச்சிட்டு, சாவிய எங்க மாமியார்கிட்ட குடுத்தா போதாதா?"

"சாவி ஒங்க மாமி கையில இருந்தா துப்பாக்கியும் அவுங்க கையில இருக்கிற மாதிரி. லைசென்ஸ் என் பேர்லல்ல இருக்கு? பேரு யாருதோ பாரமும் அவங்களுது."

இந்தப் பேச்சு அவர் வாயில் உப்பு மாதிரி, எதிலும் விழும். எங்கள் கோழி வேலி தாண்டிப் போய் அவர் வீட்டு விறகுக்குள் முட்டையிட்டால், முட்டையைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்துவிட்டு, "கோழி ஒங்க பேரு" என்பார். ஊரில் ஒருவர் இன்னொருவர் மேல் பழி சொல்லிக்கொண்டு வந்தால், "யாரு சொன்னது? ஒன் பேர்ல சொல்றியா, அவன் பேர்ல சொல்றியா?" என்று கேட்பார். வந்தவர் தானாகவே வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

நான் கல்யாணமாகிக் காப்பாருக்கு வந்த காலத்தில் மலாயாவில் ரப்பர் விலை விழுந்து கிடந்தது. தோட்டங்களில் பால் வெட்டியவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரருக்கு ரோடு போடுகிற வேலை, அதனால் தப்பித்தோம். எங்கள் வீட்டுக்கும் அக்காவின் நிலத்துக்கும் நடுவில் மரவள்ளிக் குச்சி நட்ட வேலி ஒன்றுதான். அந்தப் பக்கம் பத்துப் பதினைந்து தென்னை, மற்றதெல்லாம் மரவள்ளி. அதற்கும் அப்பால் காடு, காட்டிலிருந்து பன்றி. ஒரு மந்தை வந்து போனால் விடியும்போது தோட்டம் உழுத வயல் மாதிரி கிடக்கும்.

அக்காவின் வீட்டுக்காரர் முன்பு ஒரு தோட்டத்தில் மண்டோராக, ஆட்களை மேய்க்கிறவராக இருந்தவர். சேர்த்த பணத்தில் அந்த நிலத்தை வாங்கி, பன்றிக்காகவே லைசென்ஸ் எடுத்து, கிள்ளானில் ஒரு சீன முதலாளி, தவுக்கே என்போம், அவர் கடையில் இரட்டைக் குழல் துப்பாக்கியும் வாங்கினார். நான் வந்த மறுவருஷமே காய்ச்சலில் போய்விட்டார். பாயில் கிடக்கும்போது அக்காவிடம் சொன்னாராம்: "நான் போனா அதை ஒரு நாள்கூட வூட்ல வெச்சிருக்காத. பேரில்லாத துப்பாக்கி திருட்டுத் துப்பாக்கி."

நம் வழக்கம் எல்லாருக்கும் தெரியும். தாலி அறுத்தவள் கருமாதி முடியும்வரை வாசல்படி தாண்டக் கூடாது. அக்கா பால் தெளித்த மறுநாள் காலையிலேயே துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டில் நடந்தார். பெண்கள் எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். என் மாமியாரும்தான். "அடியே, இது அடுக்குமாடி? சாமி குத்தம்டி!" என்று ஒரு கிழவி ஜன்னல் வழியே கத்தியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

அக்கா நின்று பதில் சொன்னார். "சாமி குத்தத்துக்கு சாமிகிட்ட மன்னிப்பு கேட்டுக்கலாம் ஆத்தா. சார்ஜன்கிட்ட அப்படி கேக்க முடியாது."

ஆனால் ஸ்டேஷனில் வேறு குற்றம் காத்திருந்தது.

சார்ஜன் லைசென்ஸ் தாளையும் துப்பாக்கியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தாளில் நம்பர் இருந்தது. துப்பாக்கியின் இரும்பில் நம்பர் இல்லை. இருந்த இடம் மட்டும் வழுவழுவென்று தேய்ந்து கிடந்தது. சார்ஜனின் முகம் மாறிவிட்டது. நம்பரை ராவி எடுத்த துப்பாக்கி என்றால் திருடின துப்பாக்கி, இல்லையென்றால் ஆளைச் சுட்டுவிட்டு மறைக்கப் பார்த்த துப்பாக்கி. வைத்திருந்தவருக்கு ஜெயில். வைத்திருந்தவர் செத்துவிட்டால், கொண்டுவந்தவர் பதில் சொல்ல வேண்டும்.

நடந்தது அதுவல்ல. அக்காவின் வீட்டுக்காரர், எனக்கு அண்ணன் முறை, ரொம்ப பக்தி உள்ளவர். வருஷா வருஷம் ஆயுத பூசைக்கு மண்வெட்டி, பாராங் கத்தி, தேங்காய் உரிக்கிற கம்பி எல்லாவற்றையும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பார். துப்பாக்கியையும் தேய்ப்பார். அதற்கு மட்டும் தனி மரியாதையாகச் செங்கல் தூள். தேய்த்துவிட்டுச் சந்தனம், குங்குமம் வைப்பார். எங்கே வைப்பது? துப்பாக்கிக்கு நெற்றி எது? நம்பர் வெட்டியிருந்த இடம்தான் அதற்கு நெற்றி என்று அவர் முடிவு செய்துகொண்டார். அடுத்த வருஷம் பழைய சந்தனம் போகட்டும் என்று அந்த இடத்தையே இன்னும் அழுத்தித் தேய்ப்பார். இப்படி வருஷத்துக்கு வருஷம் பூசை செய்து பூசை செய்து நம்பரையே அழித்துவிட்டார் மனுஷர்.

இதைச் சார்ஜனிடம் எந்த பாஷையில் சொல்லுவது? அக்கா கடைத்தெருவில் பேசுகிற பாசார் மலாயில் சொன்னாராம்: "என் வீட்டுக்காரர் இதுக்கு முகம் கழுவி பொட்டு வெச்சாரு." சார்ஜன் துப்பாக்கியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், துப்பாக்கியை எடுத்து உள்ளே வைத்தார். கிள்ளான் பெரிய ஆபீசுக்கு அனுப்ப வேண்டும், அவர்கள் விசாரிக்கட்டும் என்றார்.

அன்றைக்கே அக்காவின் கொழுந்தன் வந்து சேர்ந்தார். காஜாங் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை போய், கையில் ஒரு டிரங்குப் பெட்டியோடு நின்றவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பயந்துபோயிருந்தவர். நிலம் கைக்கு வராவிட்டால் அவருக்கும் கப்பல்தான்.

"அண்ணி, சொல்றத கேளுங்க. பொம்பளைக்கு எதுக்கு துப்பாக்கி? என் பேருக்கு மாத்திக்கிறேன், போலீசுல நானே பேசிக்கிறேன்."

"மாத்தட்டும் தம்பி. அதுக்கு என்ன செய்யணும்?"

"பன்னி தொல்லை இருக்கிற நெலம் என் பேர்ல இருந்தாத்தான் எனக்கு லைசென்ஸ் குடுப்பான். அதனால நெலத்தையும் என் பேருக்கு ஒரு கைநாட்டு வெச்சிருங்க. நீங்க பாவம், ஊருக்குப் போயி நிம்மதியா இருங்க. டிக்கெட்டு நான் எடுத்துத் தரேன்."

"ஊர்ல எனக்கு யாரு தம்பி இருக்கா?"

அக்கா அவருக்குச் சோறு போட்டுவிட்டு, வேலிப் பக்கம் வந்து என்னைக் கூப்பிட்டார். கதவைச் சாத்திய வீட்டுக்காரி நான். ஆனாலும் கூப்பிட்டார்.

"கேட்டியா? அவருக்கு நெலம் இருந்தாத்தான் துப்பாக்கியாம். அப்ப எனக்கும் அப்படித்தான?"

அப்போது எனக்கு விளங்கவில்லை. ராத்திரி படுத்த பிறகுதான் விளங்கியது. நிலம் இன்னும் செத்தவர் பேரில்தான் கிடந்தது. இதுவரை அதைத் தன் பேருக்கு மாற்ற வேண்டும் என்று அக்காவுக்கே தோன்றியதில்லை.

கிள்ளானுக்குத் துப்பாக்கியை ஒரு மாத்தா கொண்டுபோனார். போலீஸ்காரரை அப்போது மாத்தா என்போம். அக்காவும் அதே பஸ்ஸில் ஏறிக்கொண்டார். பாலம் தாண்டி இறங்கியதும் அந்த மாத்தாவின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, பெரிய ஆபீசுக்குப் போகும் வழியிலேயே தவுக்கே கடைக்குள் அழைத்துப் போய்விட்டார். தவுக்கே துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் மோந்து பார்த்தாராம்.

"சாமி கும்பிட்டாச்சா?"

"ஆமா தவுக்கே."

"ஐயா, டமில் ஆளு துப்பாக்கி எல்லாம் இப்படித்தான் வரும் லா! மொகம் கழுவி, மொகம் கழுவி!"

அவர் குழலுக்கு அடியிலிருந்த மரத்தைக் கழற்றினார். துப்பாக்கியை மடக்கி, குழலைத் தனியே பிரித்து மேசைமேல் கவிழ்த்தார். அந்த உள்பக்கத்துக்குப் புளியும் போகவில்லை, செங்கல் தூளும் போகவில்லை. கறுத்த எண்ணெய்க்குள் அதே நம்பர், வெட்டின அன்று இருந்தமாதிரி இருந்தது. மாத்தாவே தாளோடு ஒத்துப் பார்த்துத் தலையாட்டினார்.

வெளியே தேய்ந்த இடத்தின் ஓரத்தைத் தவுக்கே ஊசியால் சுரண்டினபோது, இடுக்கிலிருந்து மஞ்சளாக ஒரு பொடி உதிர்ந்தது. காய்ந்த சந்தனம். போன ஆயுத பூசைக்கு அண்ணன் விரலால் வைத்தது. தவுக்கே ஊதப் போனார். அக்கா கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். புருஷனை இழந்தவள் நெற்றியில் வைக்க முடியாது. முந்தானை முனையில் முடிந்துகொண்டு பெரிய ஆபீசுக்கு நடந்தார்.

இதெல்லாம் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். சந்தனம் மட்டும் நான் கண்ணால் பார்த்தேன்.

அதன் பிறகு அவர் ஏறாத படி இல்லை. நில ஆபீசுக்குப் போனால் பெங்குலுவிடம் போகச் சொன்னார்கள். ஊர்த் தலைவரான பெங்குலு சாட்சிக்கு ஆள் கேட்டார். கதவைச் சாத்திய பெண்களின் புருஷன்மார் இரண்டு பேர்தான் சாட்சிக்குப் போனார்கள், அதில் ஒருவர் என் வீட்டுக்காரர். நிலம் அக்கா பேருக்கு வந்தது. பிறகு துப்பாக்கிக்கு மனு. கிள்ளானில் ஒரு வெள்ளைக்காரத் துரை முன்னால் நிறுத்திக் கேட்டார்களாம், உனக்கு எதற்குத் துப்பாக்கி என்று. "பன்னிக்கு" என்றாராம். வேறெதற்காவது உண்டா என்றார்களாம். "வேற எதுக்காச்சும் வேணும்னா நீங்க குடுக்க மாட்டீங்களே" என்றாராம். மொழிபெயர்த்தவர் சிரித்துவிட்டாராம், துரைக்கு என்ன சொன்னாரோ தெரியாது. லைசென்ஸ் வந்தது.

லைசென்ஸ் தாள் இங்கிலீஷில் இருந்தது. அக்காவுக்கு எந்த எழுத்தும் தெரியாது. நான் நாலாவது வரை தமிழ் படித்தவள், எனக்கும் அது கோடுகள்தான். அதனால் அக்கா சார்ஜனை உட்காரவைத்து, சட்டத்தை வாயால் சொல்லச் சொல்லிக் கேட்டார். சார்ஜன் ஒரு தடவை சொன்னார். "இன்னொரு தடவை சொல்லுங்க ஐயா" என்றார் அக்கா. வீட்டுக்கு வந்து மாவாட்டும்போது முருகன் பாட்டு மாதிரி அதை ஒப்பிப்பார். "பூட்டி வெக்கணும், இன்னொருத்தர் கையில குடுக்கக் கூடாது, தோட்டா வாங்கணும்னா காலி தோட்டாவ காட்டணும், வருசம் முடிஞ்சா துப்பாக்கியோட வந்து நிக்கணும், வூட்ட விட்டுப் போனா சொல்லிட்டுப் போகணும்..." ஆட்டுக்கல் சுற்றும், சட்டமும் சுற்றும்.

அடுத்த ஆயுத பூசைக்கு ஊரே எட்டிப் பார்த்தது, இந்த அம்மாள் என்ன செய்யப் போகிறாள் என்று. பூட்டுப் போட்ட பெட்டியை அப்படியே தூக்கி சாமிப் படத்துக்கு முன்னால் வைத்தார். சாவி இடுப்பில். மகளைவிட்டுப் பொட்டு வைக்கச் சொல்ல அவருக்கு மகள் இல்லையே, என்னைக் கூப்பிட்டுப் பெட்டியின் மரத்தின்மேல் சந்தனம் வைக்கச் சொன்னார். "இரும்புல படாம வையி" என்றார்.

சுடக் கற்றுக்கொண்டதும் அவராகத்தான். தவுக்கே எப்படி மடக்குவது, எப்படித் தோட்டா போடுவது என்று காட்டிக்கொடுத்தார், அவ்வளவுதான். முதல் வெடிக்கு அக்கா பின்பக்கமாக விழுந்தார். பன்றிக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒரு தென்னையில் பட்டு மட்டை ஒன்று தொங்கியது. தோள் கன்றிக் கறுத்துவிட்டது. நான் போய் உப்பு வறுத்து ஒத்தடம் கொடுத்தேன். "வலிக்குதாக்கா?" என்றேன். "என் தோளுதான" என்றார்.

பன்றிக்கு நோட்டீஸ் கொடுக்கிற அம்மாள் என்று ஊர் அவருக்குப் பட்டப்பெயர் வைத்ததும் அப்போதுதான். சார்ஜன் சட்டம் சொல்லும்போது கடைசியாக ஒன்று சொன்னாராம்: இருட்டில் அசைகிறதையெல்லாம் பன்றி என்று சுட்டு, மனுஷன் விழுந்தால், தூக்குக்கயிறு துப்பாக்கிக்கு இல்லை, பேருக்கு உடையவருக்கு. அக்கா அதைக் கேட்டு, தாளில் இல்லாத ஒரு சட்டத்தைத் தானே போட்டுக்கொண்டார். துப்பாக்கியை வெடிக்காதபடி மடக்கியேதான் கையில் வைத்துக்கொண்டு தோட்டத்தில் இறங்குவார். மரவள்ளி அசைந்தால் நின்று குரல் கொடுப்பார்.

"யாரு? ஆளா? ஆளுன்னா வாயத் தெறந்து சொல்லு!"

மூன்று தடவை. மூன்றுக்கும் பதில் இல்லையென்றால்தான் குழலை நேராக்கி மூடுவார். எந்தப் பன்றி மூன்றாவது குரல்வரை நிற்கும்? முதல் குரலிலேயே மந்தை காட்டுக்குள் பாய்ந்துவிடும். அக்கா சுட்ட பன்றியை நான் இரண்டு மூன்றுக்குமேல் பார்த்ததில்லை. அவையும் காது கேட்காத பன்றிகள் என்று ஊரில் சொன்னார்கள்.

கடைத்தெருவில் கூப்பிட்டுக் கேட்பார்கள். "என்ன துப்பாக்கிக்காரம்மா, பன்னிக்கு நோட்டீசு குடுத்தாச்சா?"

"குடுத்தாச்சு. ஒனக்கும் ஒண்ணு வேணுமா?"

கொழுந்தனுக்கு இதுவே சாக்கு. அவர் கிள்ளானில் மூட்டை தூக்குகிற வேலை பார்த்துக்கொண்டு மாதாமாதம் வருவார். "கறி கெடைக்குமேன்னு ஊரே எதிர்பாக்குது. நீங்க கூவிக் கூவி தொரத்துறீங்க. என்கிட்ட குடுங்க அண்ணி, ஒரே ராத்திரில முடிச்சிடுறேன்."

"என்ன முடிப்பீங்க தம்பி?"

"பன்னியத்தான்!"

"பன்னி தோட்டத்துக்குள்ள வராம இருந்தா போதும் எனக்கு. அது சாகணும்னு நான் லைசென்ஸ் எடுக்கல."

எனக்கு அப்போது அக்கா கொஞ்சம் அதிகமாகத்தான் போகிறாரோ என்று தோன்றும். வெறும் குரலுக்கு ஓடுகிற பன்றிக்கு எதற்கு இந்தப் பெட்டி, பூட்டு, ஸ்டேஷன், ரசீது? இதைக் கேட்க வாய் வந்ததில்லை. எனக்கு எதற்குத்தான் வாய் வந்தது? எங்கள் வீட்டில் நான் பேசினால் பக்கத்தில் இருக்கிறவருக்கே கேட்காது. "இந்தப் பொண்ணு ஊமையான்னு பாத்து கட்டியிருக்கலாம்" என்று மாமியார் வந்தவர்களிடம் சொல்வார்.

அந்த வருஷம் மழை அதிகம். வீட்டுக்குப் பின்னால் பெண்கள் ஒதுங்குகிற புதரெல்லாம் தண்ணீருக்குள் போய்விட்டது. ஒருநாள் விளக்கு வைக்கிற நேரம். வேறு வழியில்லாமல் வேலியைத் தாண்டி அக்காவின் மரவள்ளிக்குள் போய் உட்கார்ந்தேன். எங்கள் வீட்டு முன்னால் என் வீட்டுக்காரரும் அவரோடு ரோட்டு வேலை செய்கிறவர்களும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தது கேட்டது.

"யாரு?"

அக்காவின் குரல். கொஞ்ச தூரத்தில்தான்.

"ஆளா? ஆளுன்னா வாயத் தெறந்து சொல்லு!"

நான் குரல் கொடுத்தால் முன்னால் இருக்கிற ஆண்கள் எல்லாருக்கும் கேட்கும். யாரு, என்ன என்று விளக்கைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அந்த நிலையில் எந்தப் பெண்ணுக்கு வாய் வரும்? எழுந்து ஓடலாம் என்றால் சேலை சரியாக இல்லை. இரண்டாவது குரல் வந்தது. மூன்றாவது குரலும் வந்தது.

பிறகு அந்தச் சத்தம். குழல் மூடுகிற சத்தம், பெட்டி மூடுவது மாதிரி. அதை நான் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அன்று அந்தக் குழல் என் பக்கம் திரும்பியிருந்தது.

கண்ணை மூடிக்கொண்டேன். தவளைச் சத்தம்கூட நின்றுவிட்ட மாதிரி இருந்தது. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு மறுபடி அந்தச் சத்தம், இந்தத் தடவை திறக்கிற சத்தம். தோட்டாவை எடுத்து மடியில் போட்டுக்கொள்வதும் கேட்டது. சேற்றில் கால் வைத்து யாரோ மெதுவாக வந்தார்கள்.

"எந்திரி," என்று ரொம்பத் தாழ்ந்த குரலில் சொன்னார் அக்கா. "நான் திரும்பிக்கிறேன். எந்திரிச்சி சேலைய சரி பண்ணிக்க."

எழுந்தேன். அழுகை வந்துவிட்டது. அப்போதும் சத்தம் வராத அழுகைதான்.

"எப்படிக்கா தெரிஞ்சிச்சு, நான்னு?"

"நீன்னு தெரியல. பன்னின்னா மொத குரலுக்கே ஓடியிருக்கும். கூப்பிட கூப்பிட அசையாம ஒக்காந்திருக்கிறது பொம்பளையாத்தான் இருக்கணும்."

எனக்கு அழுகைக்குள்ளேயே சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்தார்.

"ஆனா ஒண்ணு சொல்லவா? என் கண்ணுக்கு நீ பன்னியாத்தான் தெரிஞ்ச. காதையும் முதுகையும்கூட பாத்தேன்."

மறுநாள் காலையில் வேலிக்கு வந்து, "கெளம்பு, ஸ்டேஷனுக்கு" என்றார். நல்ல சேலை கட்டட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

சார்ஜன் எங்களைப் பார்த்ததும் வழக்கம்போல எழுந்தார். "இன்னைக்கு எந்த ஊர் கல்யாணம்?"

"கல்யாணம் இல்ல ஐயா. என் பேர எடுத்துருங்க."

சார்ஜனுக்குப் புரியவில்லை. என்னைப் பன்றியாகப் பார்த்த கதையை அக்கா சொன்னார். புரிந்ததும் ஒத்துக்கொள்ளவில்லை. நம்பர் அழிந்து வந்த நாளிலிருந்து இந்தத் துப்பாக்கிக்காக அக்கா பட்ட பாட்டை அவர்தான் கூடவே பார்த்தவர். கண் என்றால் கண்ணாடி போடலாமே, கிள்ளானில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறதே என்றார்.

"கண்ணாடி பாக்கும் ஐயா. அது தப்பா பாத்தா கண்ணாடிய தூக்குல போடுவீங்களா?"

சார்ஜன் அலமாரிச் சாவியை எடுத்தார். பெட்டி, துப்பாக்கி, மீதித் தோட்டா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். அலமாரி பூட்டுகிற சத்தம் கேட்டது. அக்கா எட்டிப் பார்க்காமல் திரும்பி நடந்தார். வாசலில் வந்ததும் தோளைத் தடவிக்கொண்டார், அங்கே ஏதோ தொங்குகிறதா என்று பார்ப்பவர் மாதிரி.

கொழுந்தன் கேள்விப்பட்டு அந்த வாரமே ஓடிவந்தார். வாசலில் நின்றே கத்தினார்.

"சும்மா கொண்டுபோயி குடுத்துட்டீங்களே அண்ணி! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் மனு போட்டிருக்க மாட்டேனா?"

"இப்பவும் போடலாமே தம்பி. மொதல்ல என்ன கேப்பான்?"

"நெலம் யாரு பேர்லன்னு கேப்பான்," என்று அக்காவே சொன்னார். "நீங்கதான எனக்கு அத சொல்லிக் குடுத்தீங்க. துப்பாக்கிக்கு நெலம் வேணும்னு நீங்க சொல்லலைன்னா நான் நெல ஆபீசு வாசல மிதிச்சிருப்பேனா? துப்பாக்கி போச்சு. நெலம் அங்கனயேதான் இருக்கு. ஒக்காருங்க, சாப்பிட்டு போலாம்."

அவர் உட்கார்ந்து சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்த பிறகு, வேலி ஓரமாக இருந்த மேட்டைக் காட்டி, "அங்க வாழை வெச்சிக்கிறீங்களா? வெட்டுற தாரு ஒங்களுது. மண்ணு மட்டும் என் பேரு" என்றார் அக்கா. கொழுந்தன் ரொம்ப நேரம் கை கழுவிக்கொண்டிருந்தார்.

துப்பாக்கி இல்லை என்பது பன்றிக்கு எப்படித் தெரிந்ததோ, தெரிந்துவிட்டது. இல்லாவிட்டால் அக்காவின் ஒற்றைக் குரல் அதற்குப் பழகிவிட்டதோ என்னவோ. மறுபடி தோட்டத்தைப் புரட்ட ஆரம்பித்தது. அக்கா வேலிக்கு வந்தார்.

"இத்தன வருசமும் பாதி வேலைய என் வாய்தான் செஞ்சிச்சு. வாய் இன்னும் இருக்கு. ஆனா ஒரு பக்கத்துக்குத்தான் இருக்கு. நீ அந்தப் பக்கத்துலேர்ந்து குரல் குடு."

"நானாக்கா?"

"நீதான். நான் யாருன்னு கேக்கிறேன், நீ பதில் சொல்லு. அன்னைக்கு சொல்லாத பதில்தான்."

முதல் நாள் நான் போட்ட சத்தத்துக்குப் பூனைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. "எனக்கே கேக்கல, பன்னிக்கு எப்படி கேக்கும்?" என்று அந்தப் பக்கத்திலிருந்து அக்கா திட்டினார். மறுநாளும் அப்படித்தான். தொண்டை வரைக்கும் வரும், பல்லுக்குள் நின்றுவிடும்.

அதற்கப்புறம் ஒரு சாயங்காலம், விளக்கு வைத்துவிட்டு வேலியருகே போய் நின்றேன். மழை விட்டிருந்தது. வீட்டு முன்னால் அன்றும் ஆண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். மரவள்ளி இலை அசைந்தது. அந்தக் கோடியிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"யாரு? ஆளா?"

"ஆளுதான்க்கா! நாந்தான்!"

காட்டோரம் சடசடவென்று ஓடுகிற சத்தம் கேட்டது. வீட்டு முன்னால் பேச்சு நின்றுபோனது. மாமியார் அடுப்படியிலிருந்து அகப்பையும் கையுமாக ஓடிவந்தார்.

"யாருடி அது, இந்தக் கத்து கத்துறது?"

"நாந்தான் அத்தே," என்றேன். அதையும் கொஞ்சம் உரக்கத்தான் சொன்னேன்.